கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, கம்ப்யூட்டர் தப்பாக் காட்டின கணக்கை நம்பி ஒண்ணும் எடுக்காதவங்களைத் திருடன்னு தண்டிச்ச இங்கிலாந்து போஸ்ட் ஆபீஸ் வழக்கைப் பத்தி ஒரு பதில்ல நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதமும் மெயிலும் குவிஞ்சு கிடக்கு. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சுட்டு இதையும் இதை ஒட்டின விஷயங்களையும் மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: நம்ம தபால் ஆபீஸ்ல சஞ்சய் போஸ்ட் சாஃப்ட்வேர் காலத்துல இருந்து இப்ப இருக்கற ஃபினாக்கிள் வரைக்கும் கவுண்டர்ல உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னா நாங்க மனுஷனைத்தான் சந்தேகப்படுவோம், மெஷின் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்ல. இங்கிலாந்துல 900 பேருக்கு மேல தண்டனை வாங்கினாங்கன்னு எழுதியிருந்தீங்க, ஒரு சாஃப்ட்வேரால அவ்வளவு பேரா? (ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், கும்பகோணம்)

பதில்: அவ்வளவு பேர்தான் ஐயா. அங்க சப் போஸ்ட் மாஸ்டர்னா பெரும்பாலும் டிபார்ட்மென்ட் ஊழியர் கிடையாது, ஊருக்குள்ள மளிகைக்கடையோ ஸ்டேஷனரி கடையோ வச்சிருக்கறவங்க காண்ட்ராக்ட் எடுத்து கடைக்குள்ளேயே ஒரு கவுண்டர் நடத்துவாங்க. கணக்குல குறைஞ்சா கைக்காசு போட்டு கட்டுன்னு போஸ்ட் ஆபீஸ் நெருக்கும். 1999, 2000 வாக்குல கிளைக்கு கிளை ஹொரைசன்னு ஒரு சிஸ்டம் வந்துச்சு, செஞ்சு கொடுத்தது ஐ.சி.எல்., அது ஃபுஜிட்சு கையில இருந்த கம்பெனி. வந்த கொஞ்ச நாள்லயே அங்கங்க துண்டு விழ ஆரம்பிச்சுது.

எப்படி விழும்னு கேட்டா, ஒரே ஒரு பக்கை, அதாவது புரோக்ராம் கோளாறை மட்டும் சொல்றேன், கவுண்டர்ல உட்கார்ந்த உங்களுக்கு சட்டுனு புரியும். ஸ்காட்லாந்துல டால்மெலிங்டன்னு ஒரு ஊர், 2015-ல நடந்தது. மெயின் கிளையிலிருந்து வேற கிராமத்து கவுண்டருக்கு 8,000 பவுண்டு கேஷ் மாத்தறாங்க, வந்து சேர்ந்துச்சுன்னு பதியறப்ப ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு, சரி பதியலை போலன்னு என்டரை மறுபடி தட்டியிருக்காங்க, தட்டினதுக்கெல்லாம் இன்னொரு 8,000 வந்ததா உள்ள ஏறிடுச்சு. ஆக நாலு தடவை, 32,000. பெட்டியில இருக்கறது 8,000. இப்ப அந்தக் கிளையை நடத்தின அம்மா கணக்குல 24,000 பவுண்டு காணோம், யாரும் எடுக்கல, அப்படி ஒரு பணமே கிடையாது!

இது பின்னாடி வெளிய தெரிஞ்ச பக். தெரியறதுக்கு முன்னாடி மாட்டிக்கிட்டவங்க கதையைக் கேட்டா மனசு தாங்காது. ஜோ ஹாமில்டன்னு ஹாம்ப்ஷயர்ல ஒரு கிராமத்துக் கடை நடத்தினவங்க, 2,000 பவுண்டு குறையுதுன்னு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணி அவங்க சொன்ன பட்டனையெல்லாம் அழுத்தினாங்க, கண்ணு முன்னாடியே அது 4,000 ஆச்சு. பிரிட்லிங்டன்ல லீ காசில்டன் ஹெல்ப்லைனுக்கு 91 தடவை கூப்பிட்டிருக்கார். சுமார் 25,000 பவுண்டு குறையுதுன்னு அவர் மேல சிவில் கேஸ் போட்டாங்க, வக்கீல் வைக்க வசதி இல்லாம தானே வாதாடினார், தோத்தார், எதிர்த்தரப்பு செலவா 3,21,000 பவுண்டு கட்டச் சொல்லி தீர்ப்பு, மனுஷன் திவாலாயிட்டார். சீமா மிஸ்ரா நம்ம நாட்டுலேருந்து போனவங்க, 2010 நவம்பர்ல 74,000 பவுண்டு திருடினதா 15 மாசம் ஜெயில், அன்னிக்கு அவங்க பையனோட 10-வது பிறந்தநாள், வயித்துல ரெண்டாவது குழந்தை வேற. ஒண்ணுமே எடுக்காத மனுஷி.

இவங்கள்ல நிறைய பேருக்கு ஹெல்ப்லைன்ல கிடைச்ச பதில் ஒண்ணுதான், வேற யாருக்கும் இந்தப் பிரச்சினை வரல, உங்களுக்கு மட்டும்தான் வருது. என்னைக் கேட்டா மொத்தக் கதையிலயும் பெரிய பாவம் இதுதான். ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான கிளையில குறையுதுன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். 2009 மே மாசம் கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை 7 பேர் கதையைப் போட்டப்பதான் பல பேருக்கு நாம தனி இல்லைன்னே தெரிய வந்துச்சு. அப்புறம் ஆலன் பேட்ஸ்னு முன்னாள் சப் போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் 555 பேரைச் சேர்த்து வழக்கு போட்டு, 2019 டிசம்பர்ல நீதிபதி ஃப்ரேசர் பழைய ஹொரைசன் நம்பற மாதிரி இல்லவே இல்லைன்னு தீர்ப்பு எழுதினார். போஸ்ட் ஆபீஸ் பேசினது பூமி தட்டைன்னு 21-ம் நூற்றாண்டுல சாதிக்கிற மாதிரி இருக்குன்னு அதுலயே இருக்கு. கிளைக்காரருக்கே தெரியாம ஃபுஜிட்சு ஆளுங்க தூரத்துலேருந்து கிளைக் கணக்குக்குள்ள என்ட்ரி போட முடியும்கறதும் அந்த வழக்குலதான் உறுதியாச்சு. 2021 ஏப்ரல்ல 39 பேர் தண்டனை ரத்து, சீமா மிஸ்ராவும் அதுல ஒருத்தர், 2024-ல தனிச் சட்டமே போட்டு மத்தவங்களோடதையும் ரத்து பண்ணாங்க. அதுக்குள்ள செத்துப்போனவங்க இருக்காங்க. 13 பேராவது இதனால தற்கொலை பண்ணியிருக்கலாம்னு 2025 ஜூலைல விசாரணை அறிக்கை சொல்லுது.

கேள்வி: சட்டக் கல்லூரி மூணாம் வருஷம் படிக்கிறேன் சார். கோர்ட்டு எப்படி கண்ணை மூடிட்டு நம்புச்சு? நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் ஆதாரத்தோட கூட வைக்கணும்கற 65பி சர்டிபிகேட் இருக்கறதால இங்க அப்படி நடக்க வாய்ப்பே இல்லைன்னு எங்க சீனியர் சொல்றார், சரியா? (மதுரை)

பதில்: முதல் பாதிக்கு பதில் இருக்கு தம்பி, ரெண்டாவது பாதியில உங்க சீனியரோட நான் ஒத்துப்போகல.

இங்கிலாந்துல 1984-ல வந்த போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்துல 69-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, கம்ப்யூட்டர்லேருந்து எடுத்த ஆதாரத்தைக் கொண்டு வரணும்னா அது அந்த நேரத்துல ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு கொண்டு வர்றவங்கதான் காட்டணும். இது பெரிய தொல்லையா இருக்கு, எல்லா இடத்துலயும் கம்ப்யூட்டர் வந்தாச்சு, ஒவ்வொரு தடவையும் யாரு நிரூபிக்கறதுன்னு சொல்லி 1997-ல சட்டக் கமிஷன் அதை எடுக்கச் சொன்னாங்க, 1999-ல சட்டம் போட்டு 2000 ஏப்ரல்லேருந்து எடுத்தும் விட்டாங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சரியா வேலை செஞ்சுதுன்னுதான் கோர்ட்டு எடுத்துக்கும், இல்லைன்னு சொல்றவன் அதுக்கு ஏதாவது காட்டணும். தேதியைப் பாருங்க, ஹொரைசன் கிளைகளுக்குள்ள நுழைஞ்ச அதே சமயம். கிராமத்துக் கடைக்காரர் எதைக் காட்டுவார்? புரோக்ராம் ஃபுஜிட்சுகிட்ட, உள்ள என்ன நடந்துச்சுன்னு பதியற லாக் ஃபுஜிட்சுகிட்ட, அதைக் கேட்டு வாங்கவே காசு வேணும். போதாததுக்கு இங்கிலாந்துல போஸ்ட் ஆபீஸே தன் பேர்ல குற்ற வழக்கு போடலாம், சுமார் 700 கேஸ் அப்படிப் போட்டதுதான். பணம் போச்சுன்னு சொல்றதும் அவங்க, விசாரிக்கறதும் அவங்க, வழக்கு நடத்தறதும் அவங்க. 2025 ஜனவரிலதான் அங்க அரசாங்கம் இந்த விதியை மாத்தலாமான்னு கருத்து கேட்க ஆரம்பிச்சுது.

இனி நம்ம ஊர். 2000 ஐ.டி. சட்டத்தோட பழைய சாட்சியச் சட்டத்துக்குள்ள வந்தது 65பி பிரிவு, 2014-ல அன்வர் வழக்குல சர்டிபிகேட் கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2020-ல அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்குல அதையே உறுதி பண்ணி, 2024 ஜூலை 1-லேருந்து புது சாட்சியச் சட்டத்துல அது 63-வது பிரிவு. இப்ப சர்டிபிகேட் ரெண்டு பாகம், ஒண்ணு ஆதாரத்தைக் கொண்டு வர்றவர் கையெழுத்து, இன்னொண்ணு எக்ஸ்பர்ட் கையெழுத்து, கூட ஃபைலுக்கு கைரேகை மாதிரி இருக்கற ஹாஷ் நம்பரும் போடணும். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா ஹாஷ் நம்பர் என்ன சொல்லும்? இந்த ஃபைலை எடுத்ததுக்கு அப்புறம் யாரும் கை வைக்கலைன்னு சொல்லும். ஃபைலுக்குள்ள இருக்கற 24,000 நிஜமா பொய்யான்னு அதுக்குத் தெரியாது. டால்மெலிங்டன் கணக்கை அப்படியே பிரிண்ட் எடுத்து ஹாஷ் போட்டு சர்டிபிகேட் வச்சா அது கனகச்சிதமா பாஸ் ஆகும். கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடிச்சுன்னும் சர்டிபிகேட்ல ஒரு வாசகம் வரும், அதை எழுதித் தர்றது அந்த கம்ப்யூட்டரை வச்சிருக்கற ஆபீஸ்தான். கடைத் தராசுக்கு முத்திரை வைக்கறது கடைக்காரர் இல்லையே, தொழிலாளர் துறைலேருந்து முத்திரை ஆய்வாளர்தானே வர்றார். ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய சாஃப்ட்வேருக்கு அந்த அளவு சோதனைகூட வெளியிலேருந்து இல்லைங்கறது எனக்கு தாங்க முடியாத விஷயமா இருக்கு. நீங்க நாளைக்கு இந்த மாதிரி கேஸ் நடத்துவீங்க, அப்ப சர்டிபிகேட் இருக்கான்னு பார்க்கறதோட நிக்காம இந்த சிஸ்டத்துல இதுவரைக்கும் வந்த கோளாறு லிஸ்ட்டைக் குடுங்கன்னு மனு போடுங்க.

கேள்வி: சோர்ஸ் கோடு, அதாவது புரோக்ராமை எழுதின மூல வரிகள், எல்லாரும் பார்க்கற மாதிரி இருந்திருந்தா ஹொரைசன் கொடுமை நடந்திருக்காதுன்னு நான் வாதாடினேன். ஹாஸ்டல்ல எல்லாரும் ஹார்ட்பிளீட் மட்டும் என்னவாம்னு கேட்டு மடக்கிட்டாங்க. என்ன பதில் சொல்ல? (இன்ஜினியரிங் மாணவர், கோவை)

பதில்: அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். ஹார்ட்பிளீட்ங்கறது, இணையத்துல தகவலைப் பூட்டி அனுப்பற ஓப்பன்எஸ்.எஸ்.எல்.ங்கற திறந்த கோடு சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டை. அது ரெண்டு வருஷம் எல்லார் கண்ணு முன்னாடியும் திறந்து கிடந்துச்சு, 2014 ஏப்ரல்லதான் வெளிய வந்துச்சு. திறந்த கோடுல பக் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா 2024 மார்ச்ல எக்ஸ்.இசட்.னு ஃபைலைச் சுருக்கற திறந்த கோடு லைப்ரரியில நடந்ததையும் அவங்ககிட்ட சொல்லுங்க. அந்த லைப்ரரிக்குள்ள எவனோ பொறுமையா ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவனா நடிச்சு ஒரு பின்வாசல் வச்சுட்டான், அது உலகத்துல எக்கச்சக்க லினக்ஸ் சர்வர்களுக்குப் போயிருக்கும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு, போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரோட டெவலப்பர் ஒருத்தர், லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு உறுத்தலாகி உள்ள போய் நோண்டிக் கண்டுபிடிச்சார். அவர் யார்கிட்டயும் பர்மிஷன் கேட்கல, கேட்கவும் தேவையில்ல. லீ காசில்டனுக்கும் உறுத்துச்சு, 91 தடவை உறுத்துச்சு, உள்ள போய் பார்க்க அவருக்கு வழி இல்ல.

சாஃப்ட்வேர் சுதந்திர இயக்கத்தைத் தொடங்கின ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பிச்ச இடமும் இதுதான். எம்.ஐ.டி. லேப்ல ஒரு ஜெராக்ஸ் பிரிண்டர் அடிக்கடி பேப்பர் சிக்கி நிக்கும், சரி பண்ணலாம்னு சோர்ஸ் கேட்டா, தர மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்னு ஒரு ஆள் சொல்லிட்டார். அந்தக் கோபத்தை ஸ்டால்மன் மறக்கவே இல்ல, எல்லாரும் பார்த்து மாத்திக்கக்கூடிய சாஃப்ட்வேர் செய்ய 1983-ல குனு திட்டத்தை அறிவிச்சார். பேப்பர் சிக்கறது சின்ன விஷயம், ஆனா அந்தப் பிரிண்டர் இடத்துல போஸ்ட் ஆபீஸ் கணக்கை வச்சுப் பாருங்க.

ஒரு படி மேல போய் சொல்றேன், கோடு திறக்கறதைவிட எனக்கு முக்கியமாப் படறது பக் லிஸ்ட் திறக்கறது. ஃபுஜிட்சுகிட்ட தெரிஞ்ச கோளாறுகளுக்குன்னே ஒரு பதிவேடு இருந்துச்சு, எந்த பக் எப்படி வந்துச்சுன்னு அவங்க ஆளுங்களே எழுதி வச்சது. போஸ்ட் ஆபீஸ் அதை வழக்குல காட்டவே விடாம முதல்ல இழுத்தடிச்சுது. சோர்ஸ் கோடு ஒரு வரிகூட வேண்டாம், அந்தப் பதிவேட்டை மட்டும் ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பியிருந்தா உங்களுக்கு மட்டும்தான்கற அந்தப் பொய்யை யாரும் சொல்லியிருக்க முடியாது. டெபியன்னு திறந்த கோடு சிஸ்டம் செய்யற தன்னார்வலர்கள் 1997-லயே தங்களோட சமூக ஒப்பந்தத்துல பிரச்சினைகளை மறைக்க மாட்டோம்னு எழுதிட்டாங்க, கோளாறுகளைப் பதியற அவங்க பக் டிராக்கரை இன்னிக்கும் நீங்க வீட்டுலேருந்தே திறந்து படிக்கலாம். சம்பளம் இல்லாத ஆளுங்களால முடிஞ்சது கோடிக்கணக்குல அரசாங்க காண்ட்ராக்ட் வாங்கற கம்பெனியால ஏன் முடியாது? ஹாஸ்டல்ல இதைக் கேளுங்க.

கேள்வி: லாரி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். புது புகை விதியான பி.எஸ்.6 வந்ததுலேருந்து ஸ்கேனர் இல்லாம கை வைக்க முடியல, சில வேலைக்கு கம்பெனி பாஸ்வேர்டு கேக்குது, வண்டி எங்க பட்டறையில நின்னாலே லாக் ஆகுமோன்னு பயமா இருக்கு. (நாமக்கல்)

பதில்: பட்டறையில நின்னா லாக் ஆகறது கற்பனை இல்லைங்க. போலந்துல இம்பல்ஸ் ரயில்களை சர்வீஸ் பண்ற டெண்டரை, தயாரிச்ச நேவாக் கம்பெனியை விட்டுட்டு வேற ஒர்க்‌ஷாப் எடுத்துச்சு. எல்லா பார்ட்டும் கழட்டி மாட்டி முறையா முடிச்சும் ரயில் நகரல, எந்தக் கோளாறும் காட்டாம அப்படியே நிக்குது. கடைசியில டிராகன் செக்டார்னு ஒரு ஹேக்கர் குழுவைக் கூட்டிட்டு வந்தாங்க, அவங்க மாசக்கணக்கா உட்கார்ந்து உள்ள இருந்த புரோக்ராமைப் பிரிச்சுப் பார்த்தா, போட்டி ஒர்க்‌ஷாப்புகளோட ஜி.பி.எஸ். இடம் உள்ள எழுதியிருக்கு, அந்த இடத்துல இத்தனை நாள் நின்னா ஓடாதேன்னு. 2023 டிசம்பர்ல வெளிய சொன்னாங்க. நாங்க அப்படி எதுவும் வைக்கலைன்னு கம்பெனி மறுக்குது, கண்டுபிடிச்சவங்க மேலயே வழக்கும் போட்டுச்சு.

அமெரிக்காவுல 1998-ல வந்த டி.எம்.சி.ஏ. சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைக்கறதையே குற்றமாக்கிடுச்சு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா இதுக்கு விலக்கு குடுங்கன்னு கெஞ்சணும். 2015-ல கார் சாஃப்ட்வேரை ஆராய விலக்கு கேட்டப்ப அந்த ஊர் சுற்றுச்சூழல் துறையே வேண்டாம்னு கடிதம் எழுதுச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல வோக்ஸ்வேகன் புகை டெஸ்ட்டை ஏமாத்த காருக்குள்ள புரோக்ராம் வச்சிருந்தது வெளிய வந்துச்சு, உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டி! அக்டோபர்ல விலக்கு கிடைச்சுது. நம்ம காப்பிரைட் சட்டம் இதுல கொஞ்சம் பரவாயில்ல, சட்டப்படி கையில இருக்கற புரோக்ராம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க, சோதிக்க 52-வது பிரிவு இடம் கொடுக்குது. ரிப்பேர் உரிமைக்குன்னு மத்திய அரசு 2022-ல கமிட்டி போட்டு போர்ட்டலும் திறந்தாங்க, வாகனமும் அதுல வருது, ஆனா கம்பெனியைக் கட்டாயப்படுத்தற சட்டம் வராம உங்க பாஸ்வேர்டு பிரச்சினை தீராது. உங்க ஊர் பட்டறைக்காரங்க சங்கமா சேர்ந்து இதைக் கேட்கணும், நாமக்கல் கேட்டா டெல்லி வரைக்கும் கேட்கும்.

கேள்வி: ஃபேஸ்புக்ல எழுதினா 66ஏ-ல கேஸ் போடுவோம்னு லோக்கல் ஆள் ஒருத்தர் மிரட்டறார். (தூத்துக்குடி)

பதில்: ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவு 2015 மார்ச் 24-லயே செத்துப்போச்சு, ஸ்ரேயா சிங்கால் வழக்குல சுப்ரீம் கோர்ட் மொத்தமா அடிச்சுட்டாங்க. 2012-ல மும்பை பந்த் பத்தி போஸ்ட் போட்ட பொண்ணையும் அதுக்கு லைக் போட்ட பொண்ணையும் பால்கர்ல கைது பண்ணதுதான் அந்த வழக்குக்கே தூண்டுதல். வேதனை என்னன்னா அதுக்கப்புறமும் ஸ்டேஷன்கள்ல அந்தப் பிரிவுல எஃப்.ஐ.ஆர். விழுந்துட்டே இருந்துச்சு, 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடி யார் மேலயும் இதுல வழக்கு நடத்தக்கூடாதுன்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. அந்த ரெண்டு தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. ஆனா அவதூறு, மிரட்டலுக்கெல்லாம் வேற பிரிவுகள் இருக்கு, அதனால எழுதறதை ஆதாரத்தோட எழுதுங்க.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. அதுக்குள்ளயும் சாஃப்ட்வேர்தானாமே, இதெல்லாம் படிச்சா பயமா இருக்கு. (திருநெல்வேலி)

பதில்: பயப்படாதீங்கம்மா, அப்பாவை அந்தக் கருவிதான் காப்பாத்திட்டு இருக்கு, செக்கப்புக்கு மட்டும் தவறாம கூட்டிட்டுப் போங்க. கேரன் சாண்ட்லர்னு ஒரு வக்கீல், சாஃப்ட்வேர் சுதந்திரத்துக்காக வேலை பார்க்கறவங்க, இதயத் துடிப்பு தப்பினா ஷாக் கொடுத்து சரி பண்ற டிஃபிப்ரிலேட்டர் அவங்க நெஞ்சுக்குள்ளயே இருக்கு. வைக்கறதுக்கு முன்னாடி அதோட கோடைப் பார்க்கணும்னு கம்பெனிகள்கிட்ட கேட்டாங்க, யாரும் தரல. பிற்பாடு கர்ப்பமா இருந்தப்ப சாதாரண படபடப்பை ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு அது ஷாக் கொடுத்துடுச்சு. இவ்வளவுக்கும் அப்புறம் அவங்க கருவியே வேண்டாம்னு சொல்லல, என் உடம்புக்குள்ள ஓடறதை நான் பார்க்கணும்னுதான் கேட்கறாங்க. அவங்க கேட்கறது சரின்னுதான் நானும் சொல்வேன்.

கேள்வி: ஏ.டி.எம்.ல 10,000 ரூபாய் வரல, கணக்குல மட்டும் கழிஞ்சிடுச்சு. பேங்க்ல போய் கேட்டா சிஸ்டத்துல சக்சஸ்னு காட்டுது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. இனி என்ன பண்றது? (சத்துணவு ஊழியர், விழுப்புரம்)

பதில்: சிஸ்டத்துல சக்சஸ்னு காட்டுதுன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லம்மா. முதல்ல வாயால சொன்னதை விட்டுட்டு எழுத்துல புகார் கொடுங்க, கார்டு கொடுத்த பேங்க்லதான் கொடுக்கணும், மெஷின் வேற பேங்கோடதா இருந்தாலும் சரி. தேதி, நேரம், ஏ.டி.எம். இருந்த இடம், ஸ்லிப் இருந்தா அதோட நகல், வந்த எஸ்.எம்.எஸ். எல்லாம் சேர்த்து, புகார் நம்பர் வாங்காம கவுண்டரை விட்டு நகராதீங்க. அதுலயே மூணு விஷயம் கேளுங்க. மெஷின் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே பதியற ஈ.ஜே. லாக், அன்னிக்கு கேஷ் எண்ணி சரிபார்த்த ரிப்போர்ட், சிசிடிவி பதிவு. உங்க பணம் வெளிய வரலைன்னா மெஷினுக்குள்ள அன்னிக்கு 10,000 கூடுதலா இருந்திருக்கணும், எண்ணிப் பார்த்த ரிப்போர்ட்ல அது தெரியும். சிசிடிவியை ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க, அதனால இன்னிக்கே எழுதுங்க.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட விதிப்படி பணம் வராம கழிஞ்சிருந்தா 5 நாளைக்குள்ள திருப்பிப் போடணும், அதுக்கு மேல போனா ஒரு நாளைக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரணும், நீங்க கேட்காமலேயே தரணும். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, மாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டாலோ வங்கிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு போங்க, ஆன்லைன்ல போடலாம், தபால்லயும் அனுப்பலாம், பைசா செலவில்ல, வக்கீலும் வேண்டாம். மாட்டோம்னு சொன்னா அந்த பதிலை எழுத்துல வாங்கி அதையும் கூட இணைச்சுடுங்க.